கசெட்டின் வாலில் மூன்றேகால் நிமிஷம்

கண்டியில் ராப் பாட்டை முதலில் கேட்டது யார் என்று பேச்சு வந்தால் இன்றைக்குப் பத்துப் பேர் கை தூக்குவார்கள். தூக்கட்டும். கொழும்பில் கேட்டேன், டுபாயில் கேட்டேன், மாமா கொண்டுவந்தார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கசெட்டைப் பதிந்து கொடுத்தவளே நான்தான். அதை நான் சபையில் சொல்வதில்லை. எனக்குக் கர்வம் உண்டு, கூடவே கொஞ்சம் வியாபார நாகரிகமும் உண்டு.

நான் வேலை பார்த்தது ஒரு ரெக்கோடிங் பாரில். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏறும் சரிவில், ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவே இருந்தது. அது என்ன கடை என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பிடித்த பாட்டெல்லாம் ஒரே கசெட்டில் வேண்டுமென்றால் எங்களிடம்தான் வரவேண்டும். மேசையில் கணக்குப் புத்தகம் போலத் தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று கிடக்கும். கடையிலுள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் அதில் ஒரு நம்பர். வேண்டிய நம்பர்களைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கசெட் தயாராக இருக்கும். அறுபது நிமிஷக் கசெட்டைப் பதிய அறுபது நிமிஷம் ஆகும். வேகமாகப் பதியும் பொத்தான் டெக்கில் இருந்தது, ஆனால் அதைத் தொட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று முதலாளி அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார்.

பாட்டெல்லாம் பதிந்து முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு நிமிஷம் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால் 'இடத்த வீணாக்கிட்டீங்க' என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். இன்னொரு பாட்டைப் போட்டு அது பாதியில் அறுந்தால் அதற்கும் சண்டை. அதனால் அந்த இடத்துக்கு ஒரு புல்லாங்குழலையோ வயலினையோ போட்டு நிரப்புவோம். கடையில் அதற்கு 'வால்' என்று பெயர். கசெட் அட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டுப் பெயர் எழுதுவதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் டெக்குக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாலுக்கு என்ன போடுவது என்பது முழுக்க என் இஷ்டம். முதலாளி வாலைக் கேட்பதேயில்லை.

முதலாளி நல்ல மனிதர். கண்டி முஸ்லிம். பழைய ஹிந்திப் பாட்டென்றால் உயிர். மற்ற எல்லாப் பாட்டும் அவருக்குச் சரக்கு.

நம்பர் விஷயத்தில் இன்னொன்று இருந்தது. அது யுத்தகாலம். ஊரில் எங்காவது குண்டு வெடித்தால், அந்த வாரம் முழுவதும் தமிழ் ஆட்கள் கடைக்கு வந்து வாயைத் திறக்கமாட்டார்கள். கொப்பியைத் திருப்பி, நம்பரில் விரலை வைத்துக் காட்டுவார்கள். நான் தலையாட்டுவேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். காதல் பாட்டு, சாமிப் பாட்டு, சோகப் பாட்டு எல்லாம் விரல் நுனியிலேயே விற்பனையாகும். பக்கத்தில் நிற்கும் சிப்பாய்க்கு அவர் கேட்டது எந்த மொழிப் பாட்டு என்று தெரியாது.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். அப்பா மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்தார். நாங்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மா இரண்டு கலவரங்களைப் பார்த்தவர். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பாடம் நடத்துவார். 'அம்மா' என்று கூப்பிடலாம், சிங்களப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'அப்பா' என்று மட்டும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நாம் யார் என்று பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அவருடைய சட்டையைப் பிடித்து இழுப்பேன். பன்னிரண்டு வயது வரைக்கும் அப்பாவின் சட்டைகளெல்லாம் இடது பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தன.

இப்படி வாயடைத்து வளர்ந்தவளிடம் ராப் பாட்டு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி, கூச்ச சுபாவம். அவருடைய அண்ணன் கனடாவிலிருந்து மாதம் ஒரு கசெட் தபாலில் அனுப்புவார். பார்சலைத் தபால்கந்தோரில் பிரித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, திரும்ப ஒட்டிக் கொடுப்பார்கள். அதை இன்னொரு பிரதி எடுத்து வைக்க எங்களிடம் வருவார், ஏனென்றால் அவர் தங்கியிருந்த அறையின் ரேடியோ கசெட்டைத் தின்னும். பதியும்போது ஹெட்ஃபோனில் நான் கேட்டாக வேண்டும். அது என் வேலை. முதல் கசெட்டின் முதல் பாட்டில் ஒருவன் ராகமே இல்லாமல், மூச்சு விடாமல், யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தான். ஆங்கிலம் எனக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கோபம் பிடிபட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் பைப்படியில் வாளியை முன்னுக்குத் தள்ளியதற்காகப் பெண்கள் போடும் சண்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான். இவனுக்குப் பின்னால் தாளம் இருந்தது.

அன்றைக்கு நான் பிடிபட்டேன். கசெட் வரும் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்காது. புதுப் பாட்டில் மேளம் எந்த இடத்தில் விழுகிறது, எந்த இடத்தில் விழாமல் ஏமாற்றுகிறது என்பதைக் கொப்பியில் புள்ளி போட்டுக் குறித்து வைப்பேன். ஒரே பாட்டின் மூன்று ரீமிக்ஸ் வந்தால் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு, எது ஒசத்தி என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வேன். அம்மா என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பேய் பிடித்தவர்களுக்காவது வேப்பிலை இருக்கிறது.

ரீமிக்ஸ் விஷயத்தில் எனக்கும் அந்தப் பெடியனுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. முதலில் வந்ததுதான் பாட்டு, மற்றதெல்லாம் ஒட்டுப்போட்டது என்பது அவருடைய கட்சி. நேற்று வைத்த மீன்குழம்பு இன்றைக்குத்தான் ருசி என்பது என் கட்சி. அவர் மெதுவாகப் பேசுவார், நான் மேசையைத் தட்டிப் பேசுவேன். கடையில் வேறு ஆள் வந்துவிட்டால் இருவரும் நிறுத்திவிடுவோம். ஆள் போனதும் நிறுத்திய சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

நானே ஒன்று செய்து காட்டினால் என்ன என்ற எண்ணம் அந்தச் சண்டையில்தான் வந்தது. அந்தச் சமயம் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் காமன் கூத்தில் பதிந்த கசெட்டைப் பிரதியெடுக்கக் கொண்டுவந்தார். அதில் தப்பு மேளம் முழங்கியது பாருங்கள், டெக்கின் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேயில்லை. எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். கனடாக் கசெட்டில் பேச்சில்லாத வெறும் தாளமாக ஒரு பாட்டு இருந்தது. அதன்மேல் தோட்டத்துத் தப்பை ஏற்றினால் எப்படியிருக்கும்?

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். பாதிக் கதவை இழுத்துவிட்டு நான் உள்ளே இருப்பேன். ஒரு மணி நேரம் கடை என்னுடையது. தப்புச் சத்தத்தில் நல்ல நான்கு அடியைப் பிடித்து, நிறுத்தி, பின்னால் சுற்றி, திரும்பவும் அதே நான்கு அடி. இப்படி எண்பது முறை ஒட்டினால் மூன்றேகால் நிமிஷம் வரும். கை கொஞ்சம் பிந்தினால் தாளம் நொண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலியாண வீட்டு அறிவிப்புகள் பதிவதற்கென்று கடையில் ஒரு சின்ன மிக்ஸரும் மைக்கும் இருந்தன. எட்டு வெள்ளிக்கிழமைகள் போயின. எட்டாவது வெள்ளி மைக்கைப் பிடித்து, என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டி டவுனுக்குள் தமிழில் கத்தினேன்.

பஸ்ஸில ஏறுனா வாய்க்குப் பூட்டு,
பைய தொறந்து ஒண்ணொண்ணா காட்டு,
ஐடென்டி எங்க? எடுத்து நீட்டு,
அப்பான்னு கூப்புட எறங்கணும் ஹோல்ட்டு.

ஹோல்ட்டு என்றால் பஸ் நிற்கும் இடம். இன்னும் பன்னிரண்டு வரி இருந்தது. எல்லாம் இப்படித்தான். கவிதை என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் தப்போடு சேர்ந்து கேட்டபோது என் கைமயிர் நின்றது. பெருமையாகத்தான் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

மறுநாள் அந்தப் பெடியனுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, இன்னொரு தடவை கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இதை ஆர் வந்து கேக்கப் போகினம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாயைத் திறக்கவே பயப்படும் ஆட்களிடம், வாயைத் திறக்க முடியவில்லை என்ற பாட்டை எப்படி விற்பது? அது எனக்கும் விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது. இந்தப் பாட்டை யாராவது ஒருவர் கடைக்கு வந்து கேட்க வேண்டும், அந்த சி.ஆர். கொப்பியில் அதற்கு ஒரு நம்பர் விழ வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. கொப்பியில் நம்பர் இல்லாத பாட்டு எங்கள் ஊரில் பாட்டே இல்லை.

முதலாளியிடம் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். அதனால் பாட்டை வாலில் போட ஆரம்பித்தேன். தமிழில் அட்டை எழுதும் கசெட்டுக்கு மட்டும், முதல் பக்கத்துக் கடைசியில். காமன் கூத்துக்காரர் இன்னொரு பிரதி கேட்டு வந்தபோது அதிலும் போட்டேன். தப்பு அவர்களுடையது, அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? சோகப் பாட்டுக் கேட்டவருக்கும், டூயட் கேட்ட புதுமணத் தம்பதிக்கும், யாருக்கென்று பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் நாற்பது ஐம்பது கசெட் வெளியே போயிருக்கும்.

ஒருவரும் கேட்கவில்லை. கடுகண்ணாவையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் கசெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசியில் யாரோ ஒரு பொம்பிளை பைப்படியில் சண்டை பிடிக்கிறாள், அதை அழித்துத் தர வேண்டும் என்றார். அந்தப் பொம்பிளையே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அதை அழித்துப் புல்லாங்குழல் போட்டுக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் கோயில் விவகாரம். திருவிழாவுக்குப் போட ஒரு பக்திப் பாட்டுக் கசெட் கேட்டிருந்தார்கள். எந்தக் கோயிலிலும் கசெட்டைக் கடைசி வரை ஓடவிடமாட்டார்கள், பாட்டு முடிந்ததுமே ஆள் வந்து திருப்பிப் போடுவார் என்று நினைத்து அதிலும் வாலைச் சேர்த்தேன். புத்தி கெட்ட வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். அன்று காலை அம்ப்ளிஃபையருக்குப் பொறுப்பானவர் அன்னதானத்துக்குத் தேங்காய் துருவப் போய்விட்டார். பிள்ளையாரைப் பாடி முடித்ததும் தென்னைமர உயரத்துக் கம்பத்தில் கட்டிய ஹோர்னில் தப்பு இறங்கியது. அதன் பின்னால் என் குரல் பஸ்ஸில் ஏறியது.

கோயிலிலிருந்து ஐம்பது அடியில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண். 'பையைத் திற, ஐடென்டியை நீட்டு' என்று ஹோர்ன் அலறும்போது அங்கிருந்து ஒரு பொலிஸ்காரர் நடந்து வந்திருக்கிறார். மே மொன சிந்துவக்த, இது என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார். கோயில் தலைவருக்கு வியர்த்து ஊற்றியிருக்கிறது. ஆனாலும் சமயோசிதமான மனிதர். அம்மன் பாட்டு, அம்மன் கோபமாக இருக்கும்போது பாடுவது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அம்மா. அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றவருக்கு இரண்டாவது வரியிலேயே குரல் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். நன்றாக ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தன பேருக்கு முன்னால ஓஞ் சத்தம் கேட்டுச்சு. எனக்குக் காலெல்லாம் நடுங்கிருச்சு," என்றார். பிறகு, "நடுங்கிக்கிட்டே முழுசையும் கேட்டேன்," என்றார்.

அவர் பயந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முழுதையும் கேட்டார் என்பதை நினைத்து அன்று முழுவதும் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

மறுநாள் கோயில் தலைவர் கடைக்கு வந்து கசெட்டை மேசையில் வைத்தார். முதலாளி அதை டெக்கில் போட்டுக் கடைசிக்குச் சுற்றி, மூன்றேகால் நிமிஷமும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைவரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு கசெட் பதிந்து கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். வாடிக்கையாளர் கேட்காததை அவர் கசெட்டில் போடுவது வியாபாரத்துக்கு அழகில்லை என்றார். பயம் ஒரு பக்கம், அது இருக்கட்டும், நாணயம் என்று ஒன்று இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் நான் வாய் சும்மா இருக்கிறவளா? கொப்பியில் நம்பர் போட்டிருந்தால் நான் ஏன் வாலில் போடப் போகிறேன் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொப்பியில் விரலால் தட்டினார்.

"சரி மகள். பெருநாளைக்குள்ள ஒரு ஆள் வந்து, வாயத் தொறந்து, இந்தப் பாட்டு வேணுமெண்டு கேக்கட்டும். நானே என்ட கையால நம்பர் போடுறன். கேக்காட்டி, அத அழிச்சிப் போட்டு வேலையப் பாருங்க."

நோன்பு தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. நோன்பையும் சேர்த்து நாற்பது நாள். இனி வாலில் போடக் கூடாது. வெளியே போன கசெட்டுகள்தான் எனக்காகப் பேச வேண்டும்.

நாற்பது நாளில் ஒரு வாரம் ஊரே அடங்கிக் கிடந்தது. எங்கோ ஒரு குண்டு, இங்கே ஊர் முழுக்கச் சோதனை. அந்தக் கனடாக் கசெட் பெடியனைப் பொலிஸில் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டார்கள். கடைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது, ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்னால், ஆராவது கேட்டவையோ என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் முதலாளி இருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, தானே ஒரு வாடிக்கையாளராகக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். நம்பர் விழுந்துவிடும், அவ்வளவுதானே என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடி வாங்கி வந்தவர் என் பாட்டுக்காகப் பேசுகிறார். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிநேகிதன் கேட்டு விழும் நம்பர் பிச்சை. எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் கேட்க வேண்டும். அவர் சிரித்து, என்னுடைய தலைக்கனம் கனடா வரைக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் புதுக் கசெட்டை நீட்டினார். அதில் ஒரு அருமையான ரீமிக்ஸ் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் பாட்டில் எங்கே பிழை விட்டேன் என்று தெரிந்தது. தப்பின் இரண்டாவது அடி கொஞ்சம் முந்தி வந்திருக்க வேண்டும்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அழிக்க வேண்டிய கசெட்டை மேசை லாச்சியிலிருந்து எடுத்து மேலே வைத்தும்விட்டேன். அது தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. டவுனில் கால் வைக்க இடமில்லை. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், வழக்கம்போல விரலால் காட்டிக்கொண்டு. முதலாளி நோன்புக் களைப்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்கள், சம்பள நாள் சேலை. முன்னால் வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"நம்பரெல்லாம் தெரியாது தங்கச்சி," என்றார். "பாட்டச் சொல்றேன். கேட்டுட்டு இருக்கான்னு சொல்லுங்க."

சொன்னார். தயங்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. மலையில் அடுத்த நிரையில் நிற்பவளுக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய குரல். பஸ்ஸில ஏறுனா வாய்க்குப் பூட்டு. இரண்டாவது வரியில் மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். தாளம் தப்பவில்லை. ஒருத்தி மேசை விளிம்பில் தப்பு அடித்தாள். அடிக்கும்போது அந்த இரண்டாவது அடி கொஞ்சம் முந்தி விழுந்தது, நான் பிழை விட்ட அதே இடத்தில், நான் அடித்திருக்க வேண்டிய மாதிரி. அவர்கள் என் பாட்டைத் திருத்திவிட்டார்கள். என் ரீமிக்ஸுக்கே தோட்டத்து மலையில் ஒரு ரீமிக்ஸ் நடந்திருக்கிறது. பதினாறு வரியையும் முழுக்கச் சொல்லித்தான் நிறுத்தினார்கள். கடையில் நின்றவர்களின் விரல்கள் கொப்பியிலேயே நின்றுவிட்டன. முதலாளி கண்ணைத் திறந்திருந்தார்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு கசெட்டை எடுத்தார். அட்டையில் என் கையெழுத்து. காமன் கூத்துக் கசெட். நாடா வெளியே தொங்கியது. வாங்கிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் புதுசு போல இருந்தது. கடைசி மூன்று நிமிஷம் மட்டும் தேய்ந்து, வெளுத்து, மடிந்து, இரண்டு இடத்தில் நெயில் பொலிஷ் வைத்து ஒட்டி, மூன்றாவது இடத்தில் அறுந்திருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறேன். வால் தேய்ந்து அறுந்த கசெட்டை நான் பார்த்ததே இல்லை.

"தப்பு எங்க ஆளுகளோடது," என்றார் அவர். "பேசுற பொண்ணு யாருன்னுதான் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான்," என்றேன். பழக்கதோஷத்தில் மெதுவாகத்தான் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே ஒரு ரேடியோதான், ஆனால் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். கொழுந்து பறிக்கும்போது சொல்வார்களாம், மடுவக் கொட்டிலில் கொழுந்தை நிறுக்கும்போது சொல்வார்களாம், கங்காணி வந்தால் அவருக்கென்றே இரண்டு வரி புதிதாகச் சேர்த்துச் சொல்வார்களாம். அந்த இரண்டு வரியை இங்கே எழுத முடியாது.

முதலாளி எழுந்து வந்தார். கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி நம்பருக்குக் கீழே அடுத்த நம்பரை எழுதினார். பாட்டின் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். நான் விழித்தேன். பெயர் வைக்கவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பஸ்ஸுப் பாட்டு," என்றார் அந்தப் பெண், இது தெரியாதா என்பது போல. "எங்க பக்கம் எல்லாருக்கும் அது பஸ்ஸுப் பாட்டுதான்."

முதலாளி அப்படியே எழுதினார். பிறகு துண்டை எடுத்து, வேறு என்னென்ன பாட்டு வேண்டும் என்று அவர்களைக் கேட்டார்.

"வேற ஒண்ணும் வேணாங்க. கடைசில இருந்தா ஒவ்வொரு தடவையும் பின்னால சுத்த வேண்டியிருக்கு. சுத்திச் சுத்தித்தான் அறுந்துச்சு. ரெண்டு பக்கமும் இதையே நெரப்பிக் குடுங்க."

ஒரு பக்கத்துக்கு ஒன்பது தடவை. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு. அழிப்பதற்காக மேசையில் வைத்திருந்த கசெட்டை எடுத்து டெக்கில் போட்டேன். சாமான் வாங்கிவிட்டு வாங்களேன் என்று சொன்னதற்கு, கேட்டுவிட்டுத்தான் போவோம் என்று நான்கு பேரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டப் போனேன். முதலாளி அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, வெளியே தெருவைப் பார்த்து வைத்திருந்த ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்.

நான்காவது தடவை ஓடும்போது, அதுவரை நம்பரில் விரல் வைத்து நின்ற ஒருவர் கொப்பியிலிருந்து கையை எடுத்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். மாலை கடை மூடுவதற்குள் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். கொப்பி அவர்களுக்கு முன்னாலேயே திறந்து கிடந்தது, நம்பரின் மை கூட அப்போதுதான் காய்ந்திருந்தது. ஒருவரும் அதில் விரல் வைத்துக் காட்டவில்லை. ஒன்பது பேரும் முதல் வரியைச் சொல்லித்தான் கேட்டார்கள், சத்தமாக.